நோவாவின் வம்ச அட்டவணை வரையப் போகிறீர்களா? பேனாவை எடுக்கும் முன் ஒரு வார்த்தை

எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தைப் பெரிய சுவர்ப்படமாக வரைந்து தரச் சொன்னார்கள். நோவா, மூன்று மகன்கள் (சேம், காம், யாப்பேத்), அவர்களுடைய பிள்ளைகள், அவ்வளவுதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். முடிக்கப் பத்து வாரம் ஆனது. நடுவில் 6 அடிக்கு 4 அடியில் அச்சடித்த ஃபிளெக்ஸ் ஒன்று வீணானது. அதைச் சுவரில் மாட்டிய அன்று, ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "தம்பி, இந்தச் சேபா காம் வீட்டுப் பிள்ளையா, சேம் வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். நான் ஒரே கட்டத்தில் "சேபா" என்று எழுதி, இரண்டு பக்கமிருந்தும் கோடு இழுத்திருந்தேன். இரண்டு குலமும் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றன.

ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள், வேதாகமக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்கள், சும்மா ஆர்வத்தில் இறங்குகிறவர்கள் யாரானாலும் அந்தப் பத்து வாரத்தை மூன்று வாரமாகச் சுருக்கிக்கொள்ளலாம். நான் பட்ட வரிசையில் சொல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

1. எந்தப் பட்டியல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வேதாகமத்தில் வம்சப் பட்டியல்கள் இரண்டு வகை. ஒன்று ஒற்றைக் கோடாக இறங்கும்: அப்பா, மகன், பேரன் என்று. ஆதியாகமம் 5 (ஆதாம் முதல் நோவா வரை 10 பேர்), ஆதியாகமம் 11 (சேம் முதல் ஆபிராம் வரை 10 பேர்), ரூத் 4-இன் கடைசி வசனங்கள், மத்தேயு 1, லூக்கா 3 எல்லாம் இந்த வகை. இன்னொன்று மரம்போலக் கிளை விரியும். ஆதியாகமம் 10, ஆபிரகாமுக்குக் கேத்தூராளிடம் பிறந்தவர்களையும் இஸ்மவேலின் பிள்ளைகளையும் சொல்லும் 25, ஏசாவின் சந்ததியைச் சொல்லும் 36 ஆகியவை அப்படி.

"எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுவிடலாம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்ப் பட்டியல்தான். அதற்குள் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். பழங்கால இனங்கள் எங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது என்பது உங்கள் கேள்வி என்றால் ஆதியாகமம் 10 போதும். துணைக்கு 25, 36, 1 நாளாகமம் 1 ஆகிய மூன்றும். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்

தமிழ் வேதாகமம் இரண்டு மொழிபெயர்ப்பிலாவது வேண்டும். சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதல் ஒன்று. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் இன்னொன்று. இரண்டிலும் புத்தகப் பெயரே வேறு. ஆதியாகமம் அங்கே தொடக்கநூல். நாளாகமம் அங்கே குறிப்பேடு. யாப்பேத் அங்கே எப்பேத்து. இது தெரியாமல் கத்தோலிக்க நண்பரிடம் "நாளாகமம் எடுங்க" என்று சொல்லி இரண்டு பேரும் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தோம். கடன் கேட்டாலே இரண்டும் கிடைத்துவிடும், வாங்கத் தேவையில்லை.

அடுத்தது ஸ்ட்ராங் எண். எபிரேயச் சொல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த ஒத்துவாக்கியம் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) இது, 1890-இல் வந்தது. ப்ளூ லெட்டர் பைபிள், பைபிள் ஹப் போன்ற தளங்களில் வசனத்தைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எண் நிற்கும். இலவசம்தான். எபிரேயம் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல கைத்தடி கிடையாது.

நான் செய்த செலவைச் சொல்கிறேன். வசனங்களை நகலெடுக்க 40 ரூபாய், சார்ட் தாள் நான்குக்கு 60 ரூபாய், வண்ணப் பேனா 50 ரூபாய், சதுர அடி 15 ரூபாய் வீதம் 24 சதுர அடி ஃபிளெக்ஸுக்கு 360 ரூபாய். முதல் ஃபிளெக்ஸ் வீணானதால் அந்த 360 இரண்டு தடவை. அவசரப்படாமல் இருந்திருந்தால் மொத்தமே 510 ரூபாயில் முடிந்திருக்கும்.

3. கணினியில் வரையாதீர்கள், முதலில் கையால் எழுதி எண்ணுங்கள்

இதற்கு இரண்டு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். ஒரு பெயருக்கு ஒரு துண்டுச்சீட்டு. பெயர், வசன எண், ஸ்ட்ராங் எண், அப்பா பெயர் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் நோவாவையும் அவருடைய மூன்று மகன்களையும் விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். யாப்பேத்தின் பக்கம் 14 வரும்: மகன்கள் 7, கோமரின் பிள்ளைகள் 3, யாவானின் பிள்ளைகள் 4. சேமின் பக்கம் 26 வரும்: மகன்கள் 5, ஆராமின் பிள்ளைகள் 4, சாலா, ஏபேர், பேலேகு, யொக்தான், அப்புறம் யொக்தானின் பிள்ளைகள் 13. காமின் பக்கம்தான் தகராறு. நிம்ரோதையும் சேர்த்து, மிஸ்ராயீமின் வரியில் நடுவே வரும் பெலிஸ்தரையும் சேர்த்தால் 31. யூத மரபில் உலகத்தின் ஜாதிகள் 70 என்ற கணக்கு உண்டு. அந்த 70 வர வேண்டுமானால் காமுக்கு 30 வர வேண்டும். நிம்ரோதைத் தனி ஆளாகக் கருதி விட்டுவிட்டால் 14, 30, 26 சேர்ந்து சரியாக 70. உங்கள் படத்தில் 71 பெயர் இருந்தாலும் தவறில்லை. நிம்ரோதின் கட்டத்தை மட்டும் வேறு நிறத்தில் போடுங்கள், எண்ணிப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது.

4. ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள்

என் ஃபிளெக்ஸைக் கெடுத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆதியாகமம் 10:7-ஐ எடுங்கள். கூஷின் மகன்களில் முதலில் சேபா. அதே வசனத்தில் கூஷின் பேரனாக, ராமாவின் மகனாக, இன்னொரு சேபா. 28-ஆம் வசனத்துக்கு வந்தால் யொக்தானின் மகன் சேபா. 25:3-இல் ஆபிரகாமின் பேரன் சேபா. தமிழில் நான்கும் ஒரே எழுத்து. எபிரேயத்தில் கூஷின் மகனுடைய பெயர் வேறு, அது 'ஸ' ஓசையில் தொடங்கும். ஸ்ட்ராங் எண் 5434. மற்ற மூன்றும் 'ஷ' ஓசையில் தொடங்கும், எண் 7614. பழைய திருப்புதல் வடமொழி எழுத்துகளைத் தாராளமாகப் பயன்படுத்தினாலும் இந்த இடத்தில் இரண்டையும் 'சே' என்றே எழுதிவிட்டது. தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு வேறுபாடு தெரியவே வழியில்லை.

அப்படியென்றால் எண்ணை வைத்தே எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா? முடியாது. ஸ்ட்ராங் எண் எழுத்துக்கூட்டலுக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுத்ததல்ல. கூஷின் மகன் ஆவிலாவுக்கும் யொக்தானின் மகன் ஆவிலாவுக்கும் எண் ஒன்றுதான்: 2341. ஆகவே துண்டுச்சீட்டில் அப்பா பெயர் கட்டாயம் வேண்டும். நான் கடைசியில் "சேபா (ராமாவின் மகன்)", "சேபா (யொக்தானின் மகன்)" என்றே படத்தில் எழுதினேன்.

ஒரே பெயர் காமிலும் சேமிலும் வருவது எழுதினவரின் மறதி என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். செங்கடலின் ஆப்பிரிக்கக் கரைக்கும் தென் அரேபியக் கரைக்கும் மக்கள் போய்வந்துகொண்டிருந்த பகுதி அது. ஒரே கூட்டத்தாரை இரண்டு பக்கத்து உறவாகவும் எண்ணியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ராமாவின் பிள்ளைகளாகச் சேபாவும் தேதானும் வருகிறார்கள். கேத்தூராள் வழிப் பேரன்களாகவும் அதே ஜோடி வருகிறது. இரண்டு இடத்திலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இதேபோல் கவனிக்க வேண்டியவை: சேமின் மகன் லூத், மிஸ்ராயீமிடம் வரும் லூதீம், ஆராமின் மகன் ஊத்ஸ், 22:21-இல் நாகோரின் மகன் ஊத்ஸ், 36:28-இல் வரும் இன்னொரு ஊத்ஸ்.

5. இது ஆளா, ஊரா, கூட்டமா?

பட்டியலில் இருப்பதெல்லாம் தனி மனிதர்களின் பெயர் என்று நினைத்துத்தான் நான் ஆரம்பித்தேன். மிஸ்ராயீமின் பிள்ளைகளைப் பாருங்கள்: லூதீம், ஆனாமீம், லெகாபீம், நப்தூகீம், பத்ருசீம், கஸ்லூகீம், கப்தோரீம். எல்லாம் 'ஈம்' என்று முடிகிறது. எபிரேயத்தில் 'ஈம்' என்பது பன்மை. நாம் 'சோழர்', 'பாண்டியர்' என்று சொல்லும் 'அர்' போல. மிஸ்ராயீம் ஏழு பிள்ளைகளைப் பெற்றான் என்பதைவிட, எகிப்து நாட்டோடு சேர்ந்த ஏழு மக்கள் கூட்டம் என்று படித்தால்தான் வரி விளங்குகிறது. கானானின் பிள்ளைகளில் மூன்றாவது பெயரிலிருந்து எபூசியர், எமோரியர், கிர்காசியர் என்று தமிழிலேயே 'யர்' வந்துவிடுகிறது. முதலில் வரும் சீதோன் ஒரு துறைமுக நகரம்; லெபனானில் சைதா என்ற பெயரில் இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே மூன்று வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளாகப் பேசப்படுபவருக்கு வட்டம் (நோவா, நிம்ரோது), கூட்டத்துக்குச் சதுரம், நகரத்துக்கு முக்கோணம். சில பெயரை எதில் போடுவது என்று தெரியாது; அப்போது சதுரத்தில் போடுங்கள்.

6. எபிரேயத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு

இது எதிர்ப்பக்கத்துக் குழி. பத்தாம் அதிகாரத்தில் மிஸ்ராயீம் என்று படித்துவிட்டு, யோசேப்பின் கதையில் எகிப்து என்று படிக்கிறோம். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல், எண் 4714. இங்கே கூஷ், எரேமியாவில் எத்தியோப்பியா: ஒரே சொல். இங்கே ஆராம், ராஜாக்களின் புத்தகத்தில் சீரியா. இங்கே அசூர், அங்கே அசீரியா. இங்கே மாதாய், தானியேலில் மேதியர். இங்கே யாவான், தானியேல் 8:21-இல் கிரேக்கு.

இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்கு இந்த அதிகாரம் திறந்தது. அதுவரை வாயில் நுழையாத பெயர்களாக இருந்தவை, வேதாகமம் முழுக்க நடமாடுகிற நாடுகளாக மாறின. எபிரேய வாசகர் முதல் வாசிப்பிலேயே கண்டுகொள்வதை நாம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே அந்த இரண்டாவது பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஆசையாக வாசித்தது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

7. நிலப்படத்தில் இடம் குறிப்பது: மூன்று நிறம்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். உறுதியானது பச்சை, பெரும்பாலும் ஏற்கப்படுவது மஞ்சள், சண்டை நடப்பது சிவப்பு.

பச்சை: மிஸ்ராயீம் (எகிப்து, அரபியில் இன்றும் அந்த நாடு மிஸ்ர்தான்), கூஷ் (எகிப்துக்குத் தெற்கே நைல் கரை, இன்றைய சூடான்), அசூர் (வட ஈராக்), ஏலாம் (தென்மேற்கு ஈரான், சூசா நகரம் இருந்த பகுதி), ஆராம் (சிரியா), மாதாய் (வடமேற்கு ஈரான்), யாவான் (இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா, அதிலிருந்து கிரேக்கர் முழுவதும்), அர்வாதியர் (சிரியக் கரையோரம் அர்வாத் தீவு), காமாத்தியர் (சிரியாவின் ஹமா நகரம்), அசர்மாவேத் (யேமனின் ஹத்ரமௌத்), யொக்தானின் மகன் சேபா (யேமனில் மாரிபைத் தலைநகராகக் கொண்ட சபா அரசு), கித்தீம் (சைப்ரஸில் கித்தியோன், இன்றைய லார்னக்கா).

மஞ்சள்: கோமர் என்றால் அசீரியக் களிமண் பலகைகளில் வரும் கிமிர்ராய், அதாவது சிமேரியர். அஸ்கினாஸ் என்றால் ஸ்கித்தியர்; இருவருமே கருங்கடல் பக்கத்து நாடோடிக் கூட்டத்தார். தூபாலும் மேசேக்கும் அசீரியர் குறிப்பிடும் தாபால், முஷ்கி. இரண்டும் இன்றைய துருக்கியில். பூத் லிபியா. கப்தோர் கிரேத்தா தீவு.

சிவப்பு: தர்ஷீஸ், மாகோகு, ஓப்பீர், ஆவிலா.

பெயர் ஒலிப்பதை வைத்து இடம் குறிப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. மேசேக்கு என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் சைபீரியாவின் தொபோல்ஸ்க் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். மாஸ்கோ என்ற பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 1147-இல். தொபோல்ஸ்க் நகரம் உருவானது 1587-இல். அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கியும் தாபாலும் அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் முந்தியவை.

ஓப்பீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஆசை உண்டு. திருநெல்வேலிக் கடற்கரையின் உவரிதான் ஓப்பீர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கான எபிரேயச் சொல் நம் 'தோகை' என்று கால்டுவெல் காலத்திலிருந்தே பேசப்படுகிறது. அது சுவையான விவாதம், தனியே படியுங்கள். ஆனால் ஆதியாகமம் 10:29-இல் ஓப்பீர் சேபாவுக்கும் ஆவிலாவுக்கும் நடுவே, யொக்தானின் தென் அரேபியக் கூட்டத்தில் நிற்கிறது. படத்தில் அதை அங்கேயே, சிவப்பில் வையுங்கள்.

8. ஆண்டுக் கணக்கு போடுவதாக இருந்தால்

ஆதியாகமம் 5-ஐ வைத்து ஆதாமிலிருந்து வெள்ளம் வரை கூட்ட ஒரு மணி நேரம் போதும். 130, 105, 90, 70, 65, 162, 65, 187, 182, பிறகு நோவாவின் 600. கூட்டினால் 1656. சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. லாமேக்கு பிறந்தபோது மெத்தூசலாவுக்கு 187, நோவா பிறந்தபோது லாமேக்குக்கு 182, வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600. மூன்றையும் கூட்டினால் 969. மெத்தூசலாவின் ஆயுசு அதுதான். வெள்ளம் வந்த ஆண்டிலேயே இறந்திருக்கிறார். இந்த 969 வரவில்லை என்றால் எங்கோ எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்கள்.

ஆனால் 1656 என்பது நம் வேதாகமம் பின்பற்றும் எபிரேய மூலத்தின் கணக்கு. சமாரியர் தனியே காத்துவந்த ஐந்தாகமத்தில் (மோசேயின் ஐந்து நூல்கள்) அது 1307. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் கைப்பிரதியைப் பொறுத்து 2242 அல்லது 2262. படத்தில் ஆண்டு எழுதினால் எந்த மூலம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று: லூக்கா 3:36-இல் சாலாவுக்கும் அர்பக்சாத்துக்கும் நடுவே காயினான் என்று ஒருவர் வருகிறார். ஆதியாகமம் 11-இல் அவரைத் தேடி நான் ஒரு முழு இரவைக் கழித்தேன். எபிரேய மூலத்தில் அவர் அங்கே இல்லை, செப்துவஜிந்தில் இருக்கிறார்.

9. "பெற்றான்" என்றால் நேர் மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

மத்தேயு 1:8-ஐயும் 1 நாளாகமம் 3:11, 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மத்தேயுவில் யோராம் உசியாவைப் பெற்றான். நாளாகமத்தில் யோராம், அகசியா, யோவாஸ், அமத்சியா, அசரியா. (அசரியாவும் உசியாவும் ஒரே ராஜாதான்.) மூன்று ராஜாக்களை மத்தேயு தாண்டிப் போகிறார். பதினான்கு பதினான்காக மூன்று பகுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. அவருக்கு அது பிழையல்ல, 'பெற்றான்' என்ற சொல் பேரன் பேத்திகளையும் தாங்கும்.

நாளாகமத்திலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. 1 நாளாகமம் 1:17-இல் ஊத்ஸும் கூலும் சேமின் மகன்கள்போலவே ஒரே வரியில் நிற்கிறார்கள். ஆதியாகமத்தில் அவர்கள் ஆராமின் பிள்ளைகள். கூடவே, ஆதியாகமத்து மாஸ் அங்கே மேசேக்கு ஆகிறான். யாவானின் மகன்களில் தொதானீம் எபிரேய நாளாகமத்தில் ரொதானீம் ஆகிறது. எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்ற 'த', 'ர' எழுத்துகள் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும், ஒரு சின்ன மூலைதான் வித்தியாசம். இரண்டு இடத்திலும் முரண் வந்தால் ஆதியாகமத்தைப் படத்திலும் நாளாகமத்தை அடிக்குறிப்பிலும் போடுங்கள்.

10. படத்தில் சேர்க்கக் கூடாதவை

முதலாவது, "காமின் சாபம்". தயவுசெய்து இதை எழுதாதீர்கள். ஆதியாகமம் 9:25-ஐத் திறந்து வாசியுங்கள்: சபிக்கப்படுவது கானான். காம் இல்லை, கூஷ் இல்லை. ஆப்பிரிக்கர்கள் அடிமையாகப் பிறந்தவர்கள் என்று நிறுவ இந்த ஒரு வசனத்தை நூற்றாண்டுக்கணக்கில் திரித்தார்கள். கூஷுக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இன்னும் சில பழைய பாடக்குறிப்புகளில் அந்தச் சொல் கிடக்கிறது. என் கைக்கு வந்த நகலிலும் இருந்தது, அடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தேன்.

இரண்டாவது, 'சேமின் பிள்ளைகள் = செமிட்டிக் மொழி பேசுவோர்'. அந்த மொழிப்பெயரை 1781-இல் ஷ்லோட்ஸர் என்ற ஜெர்மானிய அறிஞர் உருவாக்கினார். ஆதியாகமத்தில் கானான் காமின் பக்கம். ஆனால் கானானிய மொழி எபிரேயத்துக்கு அக்கா தங்கை முறை. ஏலாம் சேமின் பக்கம். ஏலாமிய மொழிக்கோ எபிரேயத்தோடு எந்த உறவும் இல்லை.

மூன்றாவது, பிற்காலத்தில் ஒவ்வொரு நாட்டாரும் தங்களை நோவாவோடு இணைத்துக்கொண்ட கோடுகள். ஆர்மேனிய மரபில் அவர்களுடைய முதல் தந்தை ஹாய்க், தொகர்மாவின் மகன். ஐரிஷ் மரபில் அவர்கள் யாப்பேத்தின் வழி. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் பாரசீகத்தில் எழுதிய ஃபிரிஷ்தா காமுக்கு ஹிந்த் என்று ஒரு மகனைக் கொடுத்து, அந்த ஹிந்துக்குப் பூரப், பங், தக்கன் என்று பிள்ளைகளையும் கொடுக்கிறார். ஒவ்வொன்றும் அந்தந்த மக்களுக்கு அருமையான மரபு. ஆனால் ஆதியாகமம் 10-இல் ஹாய்க்கும் இல்லை, ஹிந்தும் இல்லை. வேண்டுமானால் தனித் தாளில் வரைந்து பக்கத்தில் மாட்டுங்கள்.

11. அச்சுக்குக் கொடுக்கும் முன்

சார்ட் தாளில் பென்சிலால் வரைந்து ஒரு வாரம் சுவரில் மாட்டி வையுங்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்கட்டும். யாப்பேத் மூத்தவனா, சேம் மூத்தவனா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 10:21-இன் எபிரேயம் இரண்டு விதமாகவும் படிக்க இடம் தருகிறது, மொழிபெயர்ப்புகளும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. மூன்று மகன்களையும் ஒரே உயரத்தில் வரைந்துவிட்டால் வம்பில்லை.

அச்சுக்கடையில் எழுத்துரு மாறினால் 'ஸ்', 'ஷ', 'க்ஷ' எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். யுனிகோடில் தட்டி, பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். முழு அளவில் அடிக்கும் முன் ஏ-3 தாளில் ஒரு மாதிரி கேளுங்கள், 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாதிரி கைக்கு வந்ததும் துண்டுச்சீட்டுகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். 71 டிக் வந்த பிறகு கடைக்காரரிடம் அடிக்கச் சொல்லுங்கள். விடுமுறைப் பள்ளி தொடங்க இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது; கோடைத் திருவிழா நாட்களில் ஃபிளெக்ஸ் கடைகளில் கூட்டம் அலைமோதும்.